சந்தாதாரர் கூடினால் பங்கு: போனஸ் தகராறை எப்படி அணுகுவது? ஹோவர்ட் ஸ்டெர்ன் வழக்கை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

2004 அக்டோபரில் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன், சந்தா கட்டிக் கேட்கும் வானொலியான சிரியஸ் சாட்டிலைட் ரேடியோவுடன் கையெழுத்திட்டபோது, அந்தக் கம்பெனிக்கு ஏழு லட்சம் சந்தாதாரர்கூட இல்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம், மதிப்பு 50 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அதில் ஊழியர் சம்பளமும் தயாரிப்புச் செலவும் அடக்கம். அதற்கு மேல், சந்தாதாரர் எண்ணிக்கை குறித்த இலக்கைத் தாண்டினால் கம்பெனிப் பங்குகள் போனஸாக வரும் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. முதல் இரண்டு தடவை பங்குகள் சொன்னபடி வந்தன. அதன் பிறகு தகராறு வந்தது, 30 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்கும் வந்தது. விசாரணைக் கட்டத்தைத் தொடாமலேயே ஸ்டெர்ன் தோற்றார்.

டிவி, வானொலி, பாட்காஸ்ட், ஓடிடி என்று எதில் இருந்தாலும், ‘வளர்ந்தால் உனக்கும் பங்கு’ என்று சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இந்த வழக்கை ஒரு முறை பிரித்துப் பார்ப்பது நல்லது. கீழே சட்டம் என்று வருவது நியூயார்க் மாநிலச் சட்டம். இந்தியச் சட்டத்தைச் சொல்லும் இடங்களில் அப்படியே குறிப்பிடுகிறேன்.

படி 1: நடந்ததைத் தேதிவாரியாக எழுதி வையுங்கள்

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். கோபத்தையும் அவமானத்தையும் ஒதுக்கிவிட்டு, தேதி, எண்ணிக்கை, கைக்கு வந்தது என மூன்று பத்திகள் போடுங்கள். ஸ்டெர்ன் வழக்கை அப்படி எழுதினால் இப்படி வரும்.

2005 முடிவில் சிரியஸுக்கு 33 லட்சம் சந்தாதாரர்கள். 2006 ஜனவரியில் ஸ்டெர்னுக்கும் அவருடைய ஏஜென்ட் டான் புக்வால்டுக்கும் சேர்த்து 3.44 கோடி பங்குகள் போயின. அன்றைய மதிப்பு சுமார் 22 கோடி டாலர். வேடிக்கை என்னவென்றால், அவர் சிரியஸில் பேசத் தொடங்கியதே 2006 ஜனவரி 9-ஆம் தேதிதான். கூட்டம் அதற்கு முன்பே அவர் பெயரைக் கேட்டு வந்துவிட்டது. 2006 முடிவில் எண்ணிக்கை 60 லட்சம். 2007 ஜனவரியில் இன்னும் 2.2 கோடிப் பங்குகள், மதிப்பு சுமார் 8.3 கோடி டாலர்.

2007 பிப்ரவரியில் சிரியஸும் அதன் ஒரே போட்டியாளரான எக்ஸ்எம்மும் இணையப்போவதாக அறிவித்தன. அரசு அனுமதிகளுக்கே ஒன்றரை வருஷம் போய், 2008 ஜூலை கடைசியில் இணைப்பு முடிந்தது. எக்ஸ்எம் சிரியஸின் துணை நிறுவனம் ஆனது. அந்த வருஷ முடிவில் இரண்டிலும் சேர்த்து சுமார் 1.9 கோடிச் சந்தாதாரர்கள், 2010 முடிவில் இரண்டு கோடிக்கும் மேல். ஸ்டெர்ன் தரப்புக்குப் பங்கு மட்டும் வரவில்லை.

இப்படி எழுதியதும் சண்டை எங்கே இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். எக்ஸ்எம் ஆட்களைச் சேர்த்து எண்ணினால் ஸ்டெர்ன் இலக்கைத் தாண்டிவிட்டார், விட்டுவிட்டு எண்ணினால் தாண்டவில்லை. அவர் உழைத்தாரா, கம்பெனி வளர்ந்ததா என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2004-ல் எழுதிய ஷரத்தில் ‘சந்தாதாரர்’ என்று யாரைச் சொன்னார்கள் என்ற ஒரே இடத்தில்தான் முழு வழக்கும் நின்றது.

படி 2: எண்ணப்படுவது எது, யாருடையது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

போனஸ் ஷரத்தைப் பார்க்கும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் போவது எத்தனை பங்கு, எவ்வளவு பணம் என்ற எண்ணுக்குத்தான். கண் போகவேண்டிய இடம் வரையறைப் பகுதி. பெரும்பாலும் அது முன்பக்கங்களில் சலிப்பூட்டும் சின்ன எழுத்தில் இருக்கும். ‘சந்தாதாரர்’, ‘பார்வையாளர்’, ‘வருவாய்’, ‘கம்பெனி’ ஆகிய சொற்களுக்கு அங்கே என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கொடுக்கவே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெர்ன் தரப்பின் வாதத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது. சிரியஸ் கஷ்டத்தில் இருந்தபோது என்னை நம்பி வளர்ந்தது, அந்த வளர்ச்சியை வைத்துத்தான் போட்டியாளரையே விழுங்கியது, இப்போது மொத்தக் கம்பெனிக்கும் இரண்டு கோடிப் பேர் இருக்கும்போது பாதிப் பேரை எண்ண மாட்டேன் என்றால் எப்படி? கேட்பவர்களுக்கு இது சரியாகத்தான் படும்.

கம்பெனியின் பதில் சுருக்கமானது. ஒப்பந்தம் சொல்வது சிரியஸ் சந்தாதாரர்களை. எக்ஸ்எம் ஆட்கள் எக்ஸ்எம்முக்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் வானொலிப் பெட்டி வேறு, சேவை வேறு. அவர்கள் ஸ்டெர்னுக்காக வந்தவர்களும் இல்லை, நாங்கள் பங்கு கொடுத்து வாங்கிய கம்பெனியோடு வந்தவர்கள். நீதிமன்றம் இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. என்னைக் கேட்டால், உழைப்புக்கான போனஸ் என்ற கோணத்தில் இதுவும் அநியாயமான வாசிப்பு என்று சொல்ல முடியாது. விலை கொடுத்து வாங்கிய கூட்டம் ஒரு தொகுப்பாளரின் சாதனைக் கணக்கில் எப்படி வரும்?

ஆனால் நடுவில் ஒரு கூட்டம் இருந்தது. இணைப்புக்குப் பின் 2008 அக்டோபர் வாக்கில், எக்ஸ்எம் சந்தாதாரர்கள் கூடுதல் கட்டணம் கட்டி சிரியஸின் முக்கிய நிகழ்ச்சிகளைக் கேட்கும் ஒரு தொகுப்பு வந்தது. அதில் ஸ்டெர்னும் உண்டு. அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டியவர் யாருடைய சந்தாதாரர்? இப்படிப்பட்டவர்களுக்கு ஷரத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பதுதான் ஒப்பந்தம் எழுதுபவரின் வேலை.

உங்கள் தரப்பில் முதலில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘சந்தாதாரர் என்றால் கம்பெனிக்கோ, அதன் தாய் நிறுவனத்துக்கோ, துணை நிறுவனங்களுக்கோ, பின்னால் வாங்கியோ இணைத்தோ சேர்க்கப்படும் எந்த நிறுவனத்துக்கோ, எந்தப் பெயரில் நடக்கும் சேவைக்காகவும் பணம் கட்டும் நபர்.’ கம்பெனி உடனே ஒப்புக்கொள்ளாது. அப்போது இரண்டாவது வரி: ‘வாங்கிய நிறுவனத்தின் சந்தாதாரர்களில், இந்த நிகழ்ச்சி கிடைக்கும் தொகுப்புக்குப் பணம் கட்டுபவர்கள் மட்டும் எண்ணப்படுவர்.’ இதற்கு மறுப்புச் சொல்வது அவர்களுக்கே கொஞ்சம் கஷ்டம்.

படி 3: விசேஷ நிகழ்வுக்குத் தனி ஷரத்து இருக்கிறதா என்று தேடுங்கள்

ஸ்டெர்ன் வழக்கைக் கவிழ்த்ததில் பெரிய பங்கு இதற்கு உண்டு. 2004-லேயே இரண்டு தரப்புக்கும் எக்ஸ்எம் இணைப்பு ஒரு நாள் நடக்கலாம் என்று தெரிந்திருந்தது. அப்படி நடந்தால் ஸ்டெர்னுக்கு 2.5 கோடி டாலர் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தார்கள். இணைப்பு நடந்தது, அந்தப் பணமும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இணைப்பையே யாரும் நினைக்கவில்லை என்றால், நினைத்திருந்தால் எக்ஸ்எம் ஆட்களையும் சேர்த்திருப்போம் என்று வாதாட இடம் உண்டு. நினைத்தார்கள், பெயரைச் சொல்லியே எழுதினார்கள், அதற்கு ஒரு விலையும் வைத்தார்கள் என்றால், எண்ணிக்கையைப் பற்றி அங்கே எழுதாதது மறதி என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே விட்டது என்றுதான் நீதிபதி படிப்பார்.

அதனால் இணைப்பு, விற்பனை, பெயர் மாற்றம், சேனல் மூடல், புதுத் தளத்துக்கு மாறுதல் என்று எதைப் பற்றியாவது ஷரத்து இருந்தால், அந்தப் பணம் போனஸுக்குப் பதிலாக வருகிறதா, போனஸோடு கூட வருகிறதா என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். ‘இது மற்ற உரிமைகளைக் குறைக்காது’ என்ற நாலு சொல் பல கோடி பெறும்.

படி 4: எண்ணுகிற கை யாருடையது?

சந்தாதாரர் எண்ணிக்கை கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் காலாண்டு அறிக்கையில் வெளியிடும், அதை யாரும் எடுத்துப் பார்க்கலாம். தனியார் கம்பெனி என்றால் அவர்கள் சொன்னதுதான் கணக்கு. எனவே கணக்குப் புத்தகங்களை உங்கள் ஆடிட்டர் பார்க்கும் உரிமை, அதற்கான கால அவகாசம், தவறு கண்டுபிடித்தால் ஆடிட் செலவை யார் ஏற்பது ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். இலவச டிரையல் ஆட்கள், காரோடு வரும் சந்தா, ரத்து செய்த ஆனால் மாதம் முடியாத ஆட்கள் இவர்களெல்லாம் உள்ளேயா வெளியேயா என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும்.

படி 5: பங்குக்கு எந்த நாள் விலை?

பணமாக வரும் போனஸில் இந்தத் தலைவலி இல்லை. பங்கில் உண்டு. சிரியஸ் கதையிலேயே பாருங்கள். 2006 ஜனவரியில் மேலே சொன்ன கணக்குப்படி ஒரு பங்கு 6 டாலர் 40 சென்ட் அளவு. ஒரு வருஷம் கழித்து 3 டாலர் 75 சென்ட் சொச்சம். 2008 முடிவில் 12 சென்ட். 2009 பிப்ரவரியில் 5 சென்ட் வரை போய், கம்பெனி திவாலாகும் நிலையில் லிபர்ட்டி மீடியா என்ற ஊடக நிறுவனம் 53 கோடி டாலர் கடன் கொடுத்துக் கைதூக்கியது. 2010 முடிவில் ஒன்றரை டாலரைத் தாண்டியது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. 2008 முடிவில் உங்களுக்கு ஒரு கோடிப் பங்குகள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. 2010 முடிவில் வழக்குப் போடுகிறீர்கள். அந்த நாள் விலையில் அது ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். ஆனால் நியூயார்க்கில், பங்கைக் கொடுக்காமல் ஒப்பந்தத்தை மீறினால், நஷ்டஈட்டை மீறிய நாள் விலையில்தான் கணக்கிடுவார்கள். 1971-ல் சைமன் எதிர் எலக்ட்ரோஸ்பேஸ் வழக்கில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் உங்கள் கணக்கு 12 லட்சம் டாலர். ஒப்பந்த மீறலுக்கு அங்கே வருஷத்துக்கு 9 சதவீதம் தனிவட்டி உண்டு, அதைச் சேர்த்தாலும் 14 லட்சத்துச் சொச்சம். விலை இறங்கியிருந்த நாட்களில் மீறல் நடந்திருந்தால், ஜெயித்தும் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது.

இதற்கு மருந்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. போனஸைப் பங்கு எண்ணிக்கையில் சொல்லாமல் டாலர் மதிப்பில் சொல்லி, ‘அந்த மதிப்புக்கான பங்கு அல்லது ரொக்கம்’ என்று எழுதலாம். எதிலிருந்து எது வரை சராசரி விலை என்பதையும் போடுங்கள். அப்புறம் வரி: சம்பளமாக, திரும்பப் பறிபோகும் நிபந்தனை இல்லாமல் கைக்கு வரும் பங்குக்கு அமெரிக்காவில் வந்த நாள் மதிப்பில் வருமான வரி உண்டு. விற்கத் தடை இருக்கும்போது வரி மட்டும் கட்ட வேண்டி வந்தால் திண்டாட்டம்தான்.

படி 6: எழுத்தில் ஆட்சேபியுங்கள், புதுப்பிக்கும்போது கவனியுங்கள்

முதல் வருஷம் பங்கு வராதபோதே எழுத்தில் கேளுங்கள். போனிலோ பார்ட்டியிலோ கேட்டது கணக்கில் வராது. கடிதத்தில் ஷரத்து எண், இலக்கு, உண்மை எண்ணிக்கை, வரவேண்டிய பங்கு ஆகியவை இருந்தால் போதும். மிரட்டல் தேவையில்லை. பல ஒப்பந்தங்களில், மீறலை அறிவித்து இத்தனை நாள் திருத்த அவகாசம் தரவேண்டும் என்று இருக்கும். அதைத் தாண்டிக் குதித்தால் வழக்கு அங்கேயே நொண்டும்.

பேசி வாக்குக் கொடுத்தவர்கள் அதே நாற்காலியில் இருப்பார்கள் என்றும் நம்ப வேண்டாம். ஸ்டெர்னுடன் ஒப்பந்தம் போட்டபோது சிரியஸின் தலைமைச் செயல் அதிகாரி ஜோசப் கிளேட்டன். ஒன்றிரண்டு மாதத்தில் மெல் கர்மசின் வந்துவிட்டார். அவர் ஸ்டெர்னின் பழைய முதலாளி, நெடுநாள் ஆதரவாளர். அப்படிப்பட்டவர் தலைமையில் இருந்தும் பங்கு வரவில்லை.

2010 டிசம்பரில் ஸ்டெர்ன் அதே கம்பெனியுடன் இன்னொரு ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்திட்டார். மூன்று மாதம் கழித்து, 2011 மார்ச்சில், பழைய ஒப்பந்தத்துக்காக வழக்குப் போட்டார். வேலையையும் விடவில்லை. இதை எல்லோராலும் செய்ய முடியாது, பேரம் பேசும் பலம் வேண்டும். ஆனால் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ‘முந்தைய கோரிக்கைகள் அனைத்தும் தீர்ந்தன’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லோராலும் முடியும். இருந்தால், நிலுவையில் இருக்கும் போனஸ் கோரிக்கைக்கு விலக்கு எழுதி வாங்கிய பிறகே பேனாவை எடுங்கள்.

படி 7: காலவரம்பு

நியூயார்க்கில் ஒப்பந்த மீறலுக்கு 6 வருஷம். ஒவ்வொரு வருஷ போனஸுக்கும் தனித்தனியாக ஓடும். இந்தியாவில் பொதுவாக 3 வருஷம்தான், நாள் கடந்தால் எவ்வளவு நல்ல வழக்கும் குப்பைக்குப் போகும்.

படி 8: யார் வழக்குப் போடுவது, எங்கே?

பெரிய கலைஞர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் போடுவதில்லை. தங்கள் தயாரிப்புக் கம்பெனி மூலம் தங்கள் சேவையைக் ‘கடன் கொடுக்கிறார்கள்’. இங்கேயும் வாதி ஸ்டெர்னின் ஒன் ட்வெல்வ் என்ற கம்பெனி. போனஸில் பங்கு உள்ள ஏஜென்ட் புக்வால்டும் கூடச் சேர்ந்தார். பொதுவாக யார் கையெழுத்து இருக்கிறதோ அவர்தான் வழக்குப் போட முடியும், இதில் குழப்பினால் முதல் மாதமே வீணாகும்.

வழக்குப் போன இடம் நியூயார்க் மாநில சுப்ரீம் கோர்ட். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அந்த மாநிலத்தில் அது முதல் கட்ட நீதிமன்றம். பல ஊடக ஒப்பந்தங்களில் நீதிமன்றமே கிடையாது, நடுவர் மன்றம்தான் என்று இருக்கும். அங்கே மேல்முறையீட்டுக்கு வாசல் மிகக் குறுகல்.

படி 9: விசாரணைக்கு முன்பே முடிந்துவிடலாம்

நியூயார்க்கில் ஒப்பந்த மீறலை நிரூபிக்க நாலு விஷயம் வேண்டும்: ஒப்பந்தம் இருந்தது, என் பங்கை நான் செய்தேன், எதிர்த்தரப்பு மீறியது, எனக்கு நஷ்டம். ஸ்டெர்னுக்கு மூன்றாவதில்தான் சிக்கல்.

ஒப்பந்தத்தின் சொற்கள் தெளிவாக இருந்தால் வெளிச் சாட்சியம் எதையும் நீதிமன்றம் பார்க்காது. கையெழுத்துக்கு முன் நடந்த பேச்சு, இமெயில், ‘அப்போது அப்படித்தான் புரிந்துகொண்டோம்’ எல்லாம் வெளியே. 1990-ல் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ அசோசியேட்ஸ் எதிர் ஜியான்கான்டியரி வழக்கு இந்த விதிக்குத் தூண் மாதிரி. கலைத்துறைக்கு இன்னும் நெருக்கமானது 2002-ல் வந்த ரோனெட்ஸ் பாடகிகளின் வழக்கு. 1963-ல் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாட்டை விற்பது பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. இல்லை என்பதற்காக அந்த உரிமை பாடகிகளிடம் நிற்காது, விட்டுக்கொடுத்த சொற்கள் அகலமானவை என்றது நீதிமன்றம். நம் ஊரிலும் எழுதிய ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்ப்பேச்சைக் கொண்டுவர முடியாது என்ற விதி பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 94, 95-ஆம் பிரிவுகளில் இருக்கிறது.

2012 ஏப்ரலில் நீதிபதி பார்பரா காப்னிக் சிரியஸ் கேட்டபடி சுருக்கத் தீர்ப்பு, அதாவது முழு விசாரணை இல்லாமலே தரும் தீர்ப்பு, கொடுத்தார். ஒப்பந்தம் தெளிவானது, எக்ஸ்எம் சந்தாதாரர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஜூரி இல்லை, ஸ்டெர்ன் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. 2013 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இதிலிருந்து வழக்குப் போடுபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய உத்தி ஒன்றுதான். உங்கள் முதல் மனுவிலேயே, ஷரத்தின் இன்ன சொல்லுக்கு இரண்டு நியாயமான பொருள் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்தின் மற்ற ஷரத்துகளை வைத்தே காட்ட வேண்டும். அது நடந்தால் இமெயில்களுக்குக் கதவு திறக்கும், எதிர்த்தரப்புக்கும் சமரச ஆசை பிறக்கும். ‘நான்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினேன்’ என்ற கதை எவ்வளவு உண்மையானாலும் அந்தக் கதவைத் திறக்காது. நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமை எல்லா ஒப்பந்தத்திலும் உள்ளுறையாக உண்டு என்பதும் உண்மைதான், ஆனால் எழுதியிருப்பதற்கு நேர் எதிரான பலனை அதைக் கொண்டு நியூயார்க்கில் வாங்க முடியாது.

படி 10: சமரசத்துக்குப் பணம் மட்டுமே வழி அல்ல

நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சனின் விவகாரமும் இதே இனம்தான். திரையரங்க வசூலைப் பொறுத்த போனஸ், படம் அதே நாளில் ஓடிடியிலும் வந்ததால் அடிபட்டது என்று 2021 ஜூலையில் டிஸ்னி மேல் வழக்குப் போட்டார். இரண்டு மாதத்தில் சமரசம், தொகையை வெளியே சொல்லவில்லை. அங்கே சண்டை பகிரங்கமாக நடந்ததால் கம்பெனிக்கும் நெருக்கடி இருந்தது.

ஸ்டெர்னையே 2006 பிப்ரவரியில் அவருடைய பழைய முதலாளி சிபிஎஸ் ரேடியோ வழக்குக்கு இழுத்தது. எங்கள் ஒலிபரப்பு நேரத்தில் சிரியஸுக்கு விளம்பரம் செய்தார், அதனால்தான் இலக்கைத் தாண்டிப் பங்கு வாங்கினார், அதை எங்களிடம் மறைத்தார் என்பது புகார். மேலே சொன்ன அந்த 22 கோடி டாலர் பங்குதான் அதன் மையம். மே மாதமே சமரசமாகிவிட்டது: சிரியஸ் சிபிஎஸ்ஸுக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது, பதிலுக்கு ஸ்டெர்னின் பழைய நிகழ்ச்சி நாடாக்களின் உரிமை வந்தது. தோற்றதாக யாரும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, ஸ்டெர்னுக்கோ இருபது வருஷ உழைப்பு புதுச் சேனலில் ஓட்டக் கிடைத்தது.

உங்கள் பேச்சுவார்த்தைப் பட்டியலிலும் அப்படிப்பட்டவற்றைச் சேருங்கள்: பழைய எபிசோடுகளின் உரிமை, நிகழ்ச்சிப் பெயரின் உரிமை, போட்டித் தடைக் காலத்தைக் குறைத்தல், அடுத்த ஒப்பந்தத்தில் ‘சந்தாதாரர்’ வரையறையை மாற்றுதல். பங்கைக் கொடுக்க மறுக்கும் கம்பெனி இவற்றில் இரண்டைச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடும்.